அரை டாங்க் பொய்!

பெட்ரோல் முள் பாதியில் நின்றது. வண்டி நடுரோட்டில் நின்றது!

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம். சான் அன்டோனியோவுக்கு வடக்கே குட்டை குட்டையாக மலைகள். அதற்கு நடுவே ஒரு கிராமத்து ரோடு. ராத்திரி பத்தரை மணி. தெருவிளக்கு கிடையாது, வீடு கிடையாது, செல்போனில் சிக்னலும் கிடையாது. பக்கத்தில் மனைவி. அவள் தோளில் சாய்ந்து தூங்குகிற ஒன்பது வயசு மகள்.

"ஏங்க, என்னாச்சு?"

"தெரியல."

"பெட்ரோல் இருக்கா?"

"அரை டாங்க் இருக்கே!"

"அது போன மாசமும் அரை டாங்க்தானே இருந்துச்சு..?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த முள்ளை நான் அரைக்கு மேலேயும் பார்த்ததில்லை, அரைக்குக் கீழேயும் பார்த்ததில்லை!

அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நடந்தது இதைவிட மோசம். வளைவில் திரும்பியதும் ரோட்டின் நடுவில் ஒரு மான். பம்பருக்குச் சில அடிகள் இருக்கும்போதுதான் கண்ணிலேயே பட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'லைசென்ஸ் எங்கப்பா வாங்கினே?' என்பதுபோலத் தலையை ஆட்டியபடி போய்விட்டது. என் ஹெட்லைட் அவ்வளவு பிரகாசம்! சாமி ரூமில் எரிகிற பூஜ்ய வாட் பல்பு தேவலை.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு பண்ணைக்காரர் கேனில் இருந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு, காசு வாங்காமல் ஒரே ஒரு புத்திமதி மட்டும் சொன்னார். "தம்பி, பழைய வண்டி ஓட்டலாம். குருட்டு வண்டி ஓட்டக்கூடாது."

ஆசை யாரை விட்டது?

நாள் பூரா ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கையால் தொட்டு, திருகி, முறுக்கி ஏதாவது செய்யவேண்டும் என்று ஒரு வயசில் வெறி வரும். சிலபேர் தோட்டம் போடுவார்கள். சிலபேர் கிடார் வாங்கி அக்கம்பக்கத்தை இம்சிப்பார்கள். நான் வாங்கியது 1970-ம் வருஷத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப்.

இந்த எஃப் வரிசை வண்டிகள் 1948 மாடலில் ஆரம்பித்தன. எஃப்-100 என்ற பெயர் 1953-ல் வந்தது. 1967-லிருந்து 1972 வரை வந்த மாடலுக்கு, பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு ஓடுகிற கோட்டை வைத்து 'பம்ப்சைடு' என்று செல்லப்பெயர். முன்னால் நாலு பேர் உட்காரலாம்போல நீளமாக ஒரே சீட். ஹெட்லைட்டை டிம், பிரைட் மாற்ற ஸ்டியரிங் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. இடது காலால் தரையில் இருக்கிற பட்டனை மிதிக்கவேண்டும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? நாம் சாய்ந்து உட்காருகிற சீட்டுக்கு நேர் பின்னால், கேபினுக்குள்ளேயே! முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு, அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டியிருக்கிறேன், சொன்னா நம்புங்க.

வண்டி தயாரித்தவர்கள் மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. எத்தனையோ பேர் கைமாறி, ஆளாளுக்கு ஒரு வயரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் டாஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்திருந்தார். பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். அந்தப் பெயின்ட்தான் பாதி வில்லன் என்பது பிறகு தெரிந்தது.

அப்பா வந்தார்

மான் சம்பவம் நடந்து மூன்று வாரத்தில் அப்பா மதுரையிலிருந்து வந்து இறங்கினார். முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் எலெக்ட்ரிகல் செக்ஷனில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சின்ன வயசில் அவர் காக்கிச் சட்டையோடு ஸ்கூலுக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அவரும், "நீ ஸ்பேனரைத் தொடாதே. புஸ்தகத்தைத் தொடு" என்று விரட்டிவிடுவார். அப்படிப் படித்துத்தான் அமெரிக்கா வந்தேன். வந்து ஸ்பேனரைத் தொட ஆறாயிரம் டாலர் செலவு பண்ணியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது.

வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். பானெட்டைத் திறந்தார். நான்கு மாசமாக நான் சுற்றி வைத்திருந்த இன்சுலேஷன் டேப்பைப் பார்த்தார்.

"யாரு கட்டு போட்டது?"

"நான்தாம்பா."

"காயத்துக்குக் கட்டு போடலாம் தம்பி. வியாதிக்குப் போடக்கூடாது."

பிறகு பெட்டியைத் திறந்து, எட்டு முழ வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பரிசை எடுத்தார். ஒரு ஜோடி ஹெட்லைட்! ஏழு அங்குல வட்டம், ஹெச்-4 பல்பு. மருமகள் போனில் மான் கதையைச் சொன்ன அன்றைக்கே மதுரையிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறி, புதுப்பேட்டையில் அலைந்து வாங்கினாராம். நம்ம ஊர் புல்லட்டிலும் ஜீப்பிலும் இருக்கிற அதே ஏழு அங்குலம்தான் இந்த அமெரிக்க பிக்கப்பிலும். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அதற்கு ஒரு சோதனை காத்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காய்ச்சல் இல்லாத இன்ஜின்

"முதல்ல மீட்டர். லைட்டு அப்புறம்" என்றார் அப்பா.

இரண்டு மீட்டர்களில் தகராறு. பெட்ரோல் எப்போதும் அரை. டெம்பரேச்சரோ, கொஞ்ச தூரம் ஓடியதும் முள் 'ஹெச்'சைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் நான் பதறிப்போய் வழியில் மூன்றுமுறை நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு, 'அது அப்படித்தான் சொல்லும்' என்று விட்டுவிட்டேன். மாமியார் உடம்பு சரியில்லை என்று சொல்வதைப்போல!

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் தூரத்திலிருந்தே சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் இரண்டு பேருக்கும் மல்டிமீட்டர் தெரியும். அது போதுமே! வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் குறிவைத்தார்கள். 88 டிகிரி செல்ஷியஸ். நல்ல ஆரோக்கியமான இன்ஜின். முள் மட்டும் காய்ச்சலில் துடித்தது.

அடுத்து பங்குக்குப் போய் டாங்க்கை நிரப்பினோம். பெட்ரோல் முள் அசையவில்லை. அரையேதான்.

"டாங்க்ல ஒரு யூனிட், இன்ஜின்ல ஒரு யூனிட். ரெண்டும் தனித்தனி. ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா?"

"போகலாமே?"

"போகலாம். ஆனா ரெண்டு பேர் சேர்ந்து தப்பாச் சொன்னா, சொல்லிக்கொடுத்தவன் மூணாவதா ஒருத்தன் இருப்பான். முதல்ல அவனைப் பிடி."

அந்த மூன்றாவது ஆள், மீட்டர் போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒளிந்திருந்தான். பெயர், இன்ஸ்ட்ருமென்ட் வோல்டேஜ் ரெகுலேட்டர். இந்த வண்டியில் பேட்டரி 12 வோல்ட். ஆனால் மீட்டர்களுக்குத் தேவை சுமார் 5 வோல்ட்தான். வீட்டில் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு நமக்கு பஸ் காசு மட்டும் எண்ணிக் கொடுப்பார்களே, அந்த வேலையைச் செய்வது இந்த ரெகுலேட்டர்.

எப்படிக் கொடுக்கிறது என்பது வேடிக்கை. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு, அதைச் சூடாக்க ஒரு கம்பிச் சுருள். சூடானால் தகடு வளையும், கான்டாக்ட் விலகும், கரன்ட் நிற்கும். ஆறினால் மறுபடி சேரும். விட்டு விட்டு 12 வோல்ட் போவதால் சராசரி 5 வோல்ட்டாகிவிடுகிறது. மீட்டருக்குள்ளும் இதேபோல் சூட்டில் வளைகிற தகடுதான். அது மெதுவாக வேலை செய்கிற ஆசாமி. அதனால் இந்த விட்டு விட்டு வருகிற கரன்ட் அதற்கு நடுக்கத்தைக் கொடுக்காது. சாவியைத் திருப்பியதும் முள் நிதானமாக எழுவதன் ரகசியமும் இதுதான்.

அப்பா டெஸ்ட் லாம்ப்பை ரெகுலேட்டர் வெளியே விடும் முனையில் வைத்தார். விட்டு விட்டு எரியவேண்டிய பல்பு, நிலையாக எரிந்தது. முழு 12 வோல்ட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது!

"ரெகுலேட்டர் போச்சா?"

"அவசரப்படாதே. சுருள் சூடாகணும்னா அதுக்கு எர்த் வேணும். இதுக்கு எர்த் எங்கேருந்து வருது? பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ வழியாத்தான். ஸ்க்ரூவுக்குக் கீழே என்ன இருக்கு பாரு."

பார்த்தேன். பளபளா பெயின்ட்! பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. எர்த் இல்லை. சுருள் சூடாகவில்லை. கான்டாக்ட் விலகவே இல்லை. அழகுக்கு அடித்த பெயின்ட் அறிவை மறைத்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாடியிலிருந்து தனியாக ஓர் எர்த் வயரும் இழுத்தோம். டெஸ்ட் லாம்ப் கண்சிமிட்ட ஆரம்பித்தது. டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து சமர்த்தாக உட்கார்ந்தது. நான் விசில் அடித்தேன்.

அடுத்த நிமிஷம் விசில் நின்றது. பெட்ரோல் முள் அப்படியே கீழே விழுந்து காலி என்றது. டாங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது!

"ரிப்பேர் பண்றோமா, கெடுக்கிறோமாப்பா?"

அப்பா சிரித்தார். "இப்பத்தான் ஒழுங்கா மாட்டுச்சு. இதுல ரெண்டு பொய் இருந்திருக்கு. ஒண்ணு போயிருச்சு. அடுத்தது வெளியே தெரியுது."

மூழ்கிய மிதவை

பெட்ரோல் அளக்கிற ஏற்பாடு ரொம்ப சிம்பிள். டாங்க்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்க, ஒரு ரெசிஸ்டன்ஸ் மாறும். இந்த வண்டியில் டாங்க் காலியென்றால் சுமார் 73 ஓம், நிறைந்திருந்தால் சுமார் 10 ஓம். ஓம் குறைந்தால் கரன்ட் அதிகமாகப் பாயும், முள் ஏறும்.

குற்றவாளி டாங்க் யூனிட்டா, வயரா, மீட்டரா? இதைக் கண்டுபிடிக்க அப்பா செய்தது ஒரு நிமிஷ வேலை. டாங்க் யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றி, அதற்கப்புறம் சாவியைப் போடச் சொல்லி, வயர் முனையைச் சில விநாடிகள் பாடியில் தொட்டார். முள் கிடுகிடுவென்று நிறைவை நோக்கி எழுந்தது. எடுத்தார். விழுந்தது. ஆக, மீட்டர் நல்லவன், வயரும் நல்லவன். டாங்க்குக்குள் இருப்பவன்தான் சந்தேகப் புள்ளி. (ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தால் மீட்டர் வெந்துவிடும். பெட்ரோல் கசிந்தாலோ வாடை அடித்தாலோ இந்தச் சோதனை பக்கமே போகக்கூடாது.)

பேட்டரியைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்துபோட்டு, தீயணைப்பு சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்ரோலைக் கேன்களில் இறக்கிவிட்டு டாங்க் யூனிட்டைக் கழற்றினோம். பித்தளை மிதவையை அப்பா காதருகே ஆட்டினார். உள்ளே 'சளக் சளக்'. ஓட்டை! பெட்ரோல் புகுந்து, மிதக்கவேண்டியது அடியில் படுத்துவிட்டிருக்கிறது. அதனால் டாங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது சொல்வது ஒரே சேதிதான். காலி!

இப்போது கணக்கைப் பாருங்கள். மூழ்கிய மிதவை 'காலி' என்கிறது. 5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் வந்ததால் மீட்டர் எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்கிறது. காலியை ஏற்றிச் சொன்னால்? அரை! இரண்டு பொய்கள் கைகோத்துக்கொண்டு, நம்பும்படியாக ஓர் அரை டாங்க்கை எனக்குக் காட்டியிருக்கின்றன. முள் ஒரேயடியாகக் காலி என்று படுத்திருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பேன். பாதி என்றதால்தான் ஏமாந்தேன்.

"முழுப் பொய்யைக் கண்டுபிடிச்சிரலாம் தம்பி. அரைப் பொய்தான் ஆளைக் கொல்லும்" என்றார் அப்பா.

புது மிதவையை மாட்டி, டாங்க்குக்குள் போடுவதற்கு முன்பே கையால் ஏற்றி இறக்கி ஓம் பார்த்தோம். கீழே 73-ஐ ஒட்டி, மேலே 10-ஐ ஒட்டி. மாட்டினோம்.

மானேஜர் கையெழுத்து

அடுத்தது ஹெட்லைட்.

அமெரிக்காவில் 1940 மாடல்களிலிருந்து ஏழு அங்குல 'சீல்டு பீம்' என்று ஒரே அளவில் கொண்டுவந்தார்கள். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் சேர்த்து ஒட்டிய ஒரே துண்டு. இழை அறுந்தால் மொத்த விளக்கையும் மாற்றவேண்டியதுதான். பல்பை மட்டும் மாற்றுகிற விளக்குகளுக்கு அங்கே 1983-ல்தான் அனுமதி கிடைத்தது.

நான் நினைத்தது, புது விளக்கை மாட்டினால் வெளிச்சம் வந்துவிடும் என்று. அப்பா மல்டிமீட்டரை நீட்டினார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். ஹெட்லைட் எரியும்போது அதன் பிளக்கில் 11 வோல்ட். நடுவில் 2.8 வோல்ட் காணோம்!

எங்கே போனது? பழைய ஏற்பாட்டில், பேட்டரியில் கிளம்பிய கரன்ட் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து காலடி பட்டனுக்குப் போய், அப்புறம்தான் விளக்குக்குப் போகிறது. ஐம்பது வருஷத்துப் பச்சை பிடித்த முனைகள், இளைத்துப்போன கான்டாக்ட்டுகள்... ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கமிஷன் அடிக்கிறது. அந்தக் கமிஷன் சூடாக மாறுகிறது. ஸ்விட்சைத் தொட்டால் கை சுட்டது இதனால்தான்.

2.8 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்ட் பத்து சதவிகிதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவிகிதம் குறையும். எனக்குக் குறைந்தது இருபது சதவிகிதம். அப்படியென்றால் வெளிச்சம் பாதிகூட இல்லை! மணிக்கு 60 மைல் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 27 மீட்டர் பாய்கிறது. மானைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. அதற்குள் 40 மீட்டர் போய்விடுகிறது. அதற்கு மேல்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும்.

இதற்கு மருந்து ரிலே. நம் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். மானேஜர் மூட்டை தூக்குவாரா? கையெழுத்துப் போடுவார். தூக்குவது வேறு ஆள். இதுவரை பழைய ஸ்விட்ச் மூட்டையையும் தூக்கிக்கொண்டிருந்தது. ரிலே வைத்தால் ஸ்விட்ச் கையெழுத்து மட்டும் போடும். அதன் வழியே போவது துக்கடா கரன்ட். விளக்குக்கான பெரிய கரன்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராகப் போய்விடும்.

ரிலேயில் நாலு கால். 30-ம் நம்பருக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ். 87 விளக்குக்கு. 86-க்கு பழைய ஹெட்லைட் வயர். 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பன்னிரண்டு கேஜ் வயர். ரிலே ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. விளக்குகளுக்குப் புதிதாக எர்த். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. பிளக்கில் மறுபடி பார்த்தோம். 13.4 வோல்ட்!

பரிசுக்கு வந்த சோதனை

இருட்டியதும் காரேஜ் கதவுக்கு இருபத்தைந்தடி தள்ளி வண்டியை நிறுத்தி, கதவில் விளக்கின் உயரத்துக்கு டேப் ஒட்டினார் அப்பா. வேட்டியில் சுற்றி வந்த புதுப்பேட்டை ஹெட்லைட் பளீரென்று எரிந்தது. நான் கைதட்டினேன். அப்பா தட்டவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிம்மில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலது பக்கம் மட்டமாகவும், இடது பக்கம் மேலே ஏறியும் இருந்தது. நம்ம ஊரில் இடதுபக்கம் ஓட்டுகிறோம். ரோட்டோரம் தெரிவதற்காக இடது பக்கம் வெளிச்சத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். எதிரே வருகிறவர் வலது பக்கம். அவர் கண்ணுக்கு அடிக்காது. அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். எதிரே வருகிறவர் இடது பக்கம்!

அப்பா ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தார்.

"இருக்கட்டும்ப்பா. கொஞ்சம் கீழே இறக்கி வெச்சுக்கலாம். யார் பார்க்கப் போறாங்க?"

கை நின்றது. படியில் உட்கார்ந்தார். அவர் அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எண்பத்தொன்பதுல ஒரு ராத்திரி. டிரைவர் வந்து, 'லைட்டு மங்குதுண்ணே, கொஞ்சம் பாருங்க'ன்னான். எனக்கு ஷிஃப்ட் முடியற நேரம். 'இந்த ஒரு ட்ரிப் போயிட்டு வா, நாளைக்குப் பார்த்துக்கலாம்'னேன். ராமநாதபுரம் ரோட்டுல பின்விளக்கு இல்லாம ஒரு லாரி நின்னிருக்கு. அவன் பார்த்தப்போ பிரேக் போட இடமில்லை. பாசஞ்சருக்கெல்லாம் லேசான அடி. அவனுக்கு வலது கால் போயிருச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. 'உங்க தப்பு இல்லண்ணே'ன்னு அவன்தான் எனக்குச் சொன்னான். அதுலேருந்து நான், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு யார்கிட்டயும் சொன்னதில்லை. யார் பார்க்கப் போறாங்கன்னும் சொன்னதில்லை."

எண்பத்தொன்பதில் எனக்கு ஆறு வயசு. அந்த வருஷம் அப்பா ராத்திரி வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வருவார். ஷிஃப்ட் முடிந்தபிறகும் பஸ்களைச் சுற்றிச் சுற்றி வருவாராம். எங்களைவிட பஸ்தான் பெரிது என்று அம்மா சண்டை போடுவார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானே ஸ்க்ரூ டிரைவரை வாங்கி இரண்டாவது விளக்கைக் கழற்றினேன். மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது, அந்த ஊருக்கு ஏற்ற, டி.ஓ.டி. முத்திரை போட்ட ஏழு அங்குல ஜோடி வாங்கி வந்தேன். அதே 60/55 வாட். இந்தத் தடவை வெளிச்சம் ஏறியது வலது பக்கம். டிம்மின் மேல்விளிம்பை டேப்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தினார் அப்பா. அப்புறம்தான் கைதட்டினார்.

உங்க வண்டிக்கும் இது உதவும்!

பிக்கப் வேண்டாம். வீட்டில் பழைய புல்லட்டோ அம்பாசடரோ ஜீப்போ இருந்தாலும் அப்பாவின் இந்த ஐந்து சூத்திரங்கள் பொருந்தும்.

1. வெளிச்சம் மங்கினால் உடனே பெரிய பல்பு வாங்க ஓடாதீர்கள். பல்பு எரியும்போது பேட்டரியிலும் பல்பு பிளக்கிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் கோளாறு வயரில்.

2. பழைய வயரிங்கில் 90/100 வாட் பல்பு போடுவது, ஒற்றை ஆள் ஏணியில் நாலு பேர் ஏறுவதுபோல. ஸ்விட்ச் உருகும்.

3. ஹாலோஜனுக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பை மட்டும் சொருகாதீர்கள். ஒளி கிளம்பும் இடம் மாறுவதால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும்.

4. இரண்டு மூன்று மீட்டர்கள் சேர்ந்து தப்பாகக் காட்டினால், எல்லாவற்றுக்கும் பொதுவான சப்ளையையும் எர்த்தையும் முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் தப்பு என்றால் அதன் யூனிட்டைப் பாருங்கள்.

5. 5 வோல்ட்டில் ஓடுகிற மீட்டரில் 'டெஸ்ட் பண்றேன்' என்று நேராக 12 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். டெஸ்ட்டும் முடியும், மீட்டரும் முடியும்.

மறுபடி அதே ரோடு

அப்பா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி. அதே ரோடு, அதே வளைவு. அந்த நீள சீட்டில் நான், அப்பா, மகள். மனைவி மட்டும், "நான் வீட்ல இருக்கேன். எல்லாரும் ஒரே நேரத்துல மாட்டிக்கிட்டா, வந்து கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்ல?" என்று சொல்லிவிட்டாள். முன் அனுபவம்!

காலால் பட்டனை மிதித்தேன். பிரைட். ரோடு தூரத்து வேலி வரைக்கும் விரிந்தது.

"தாத்தா, அங்கே பாரு!"

வெகுதூரத்தில் ஓரமாக இரண்டு ஜோடிப் பச்சைக் கண்கள். தாயும் குட்டியும். நான் நிதானமாக வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். அவை அவசரமில்லாமல் ரோட்டைத் தாண்டிப் போயின. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தூசு என்றார். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

திரும்பும் வழியில் பெட்ரோல் முள் காலுக்கு வந்தது. நேராகப் பங்குக்குள் விட்டேன். "கால் டாங்க் இருக்கே, நாளைக்குப் போட்டுக்கலாமே டாடி?" என்றாள் மகள்.

அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். "இன்னிக்கே போட்டுடலாம்!"

அந்தப் புதுப்பேட்டை ஹெட்லைட் ஜோடி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுபடி அதே வேட்டியில் சுற்றி, அப்பா கையோடு எடுத்துப் போய்விட்டார். ராமநாதபுரத்தில் ஒரு சிநேகிதரின் மகன் ஜீப் ஓட்டுகிறானாம். அவனுக்காம்.

சிநேகிதர் யார் என்று நான் கேட்கவில்லை. தெரியுமே!